கோழிக்கால் இறங்கிய குழி

குறுக்கே பேசாமல் கேட்பதென்றால் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் கோயில்காரர்களும் மன்றத்துக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து என்னை அடிக்க வருவார்கள்.

அந்த ஊர் அம்மன் கோயிலில் பங்குனியில் பூக்குழி இறங்குவார்கள். அம்மன் காப்பதால்தான் கால் சுடவில்லை என்று ஊரே நம்பியிருந்தபோது, இயற்பியல் ஆசிரியர் மாசிலாமணி ஒரு காரியம் செய்தார். மெய்யறி மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, விரதமும் மஞ்சள் துணியும் இல்லாமல் தணலில் நடந்து காட்டினார். சாம்பல் பூத்த கரித்தணல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், நிற்காமல் நடந்தால் தோல் வேக நேரம் போதாது என்று விளக்கமும் சொன்னார்.  துணிச்சல்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் வருஷா வருஷம் கோயில் பூக்குழிக்கு மறுநாள் மன்றத்துக் குழி. அதே மைதானம், மேளத்துக்குப் பதில் ஒலிபெருக்கி. மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்று ஒரு முறையும் வந்துவிட்டது. தயங்கியவரை அதன் பிறகு யாரும் சேர்த்துக்கொண்டதில்லை.

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள் மாசிலாமணியின் ஒரே மகள் செம்பரிதி. கல்லூரியில் படிக்கிற பெண்.

சாயங்காலம் தணலைப் பரப்பிக்கொண்டிருந்தபோது கோயில் பூசாரி சடையாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வாத்தியாரே, புள்ளைய இறக்காதீங்க. நேத்து எங்க குழியில நாலு பேருக்குக் கால் வெந்துபோச்சு. எனக்குத் தெரிஞ்சு இப்படி ஆனதே இல்ல. ஆத்தா ஏதோ கோபத்துல இருக்கா."

"உங்க ஆளுங்க பயந்து நின்னு நின்னு நடந்திருப்பாங்க. இது விஞ்ஞானம் சடையாண்டி, பொய்க்காது" என்றார் மாசிலாமணி.

இரண்டு குழிக்கும் விறகு வந்தது ஒரே கடையிலிருந்து. வழக்கமான புளிய விறகு கிடைக்காமல், இடித்த வீட்டு உத்தரங்களையும் கதவுகளையும் பிளந்து அனுப்பியிருந்தார் கடைக்காரர். அங்கே ஒருவரும் அதை யோசிக்கவில்லை. நீங்களாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பரிதி குழி ஓரம் வரை வந்து நின்றாள். செருப்பைக் கழற்றக்கூடக் கை வரவில்லை.

"அப்பா, நாலு பேருக்கு ஏன் சுட்டுச்சுன்னு தெரியாம எப்படி இறங்குறது? எனக்குப் பயமா இருக்குப்பா."

"என் மகளா பேசுறது? நீ நம்பலையா?"

நம்பலையாவாம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குத் தணலைவிட அப்பாவைப் பார்த்துத்தான் அதிகம் பயமாக இருந்தது. திரும்பி ஒரே ஓட்டமாகச் சாலைக்கு ஓடினாள். பயந்து ஓடிவிட்டாள் என்று கூட்டம் கெக்கலித்தது. அவள் போனது கோழிக்கடைக்கு. தோலோடு ஒரு கோழிக்காலை வாங்கிவந்து, நீளக் கம்பில் குத்தி, தணலில் மனுஷன் கால் வைப்பதுபோல அமுக்கி எடுத்து, அமுக்கி எடுத்து, குழி நெடுக நடத்தினாள். கம்பு பிடித்த கை வெடவெடவென்று ஆடியது.

"அடேய், மன்றத்துக்காரங்க கோழி பலி குடுக்குறாங்கடா!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது.

கோழிக்கால் பல இடத்தில் லேசாகத்தான் வாடியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஆணி நீளத்துக்குக் கருகி எலும்பு வரை குழிந்திருந்தது.

"அப்பா, இதைப் பாருங்க! ஒரே ஒரு தடவை பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. "என் மன்றத்துல பலியா?" என்று உறுமிவிட்டுச் செருப்பை உதறினார். அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள். பொத்தான் தெறித்ததுதான் மிச்சம். அவர் தணலில் இறங்கிவிட்டார். அடுத்து எழுந்த அலறலைக் கேட்டுச் சிரித்தவர்களே ஓடிப்போய் அவரைத் தூக்கினார்கள்.

இப்போது சொல்லுங்கள். பூசாரி, ஆசிரியர், மகள் ஆகிய மூவரில் யாரிடம் இருந்தது விஞ்ஞானம்? யாரிடம் இருந்தது மதம்? விஞ்ஞானமும் ஒரு மதம்தானா?

விடை இது. பூசாரி கண்ணால் கண்டதைச் சொன்னார், ஆனால் காரணம் தேடாமல் ஆத்தாளோடு நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் சொன்ன விதி அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அவரைச் சுட்டது தணல் இல்லை, அதற்குள் கிடந்த, சூட்டைச் சட்டென்று கடத்தும் பழைய கதவாணிகள். ஆனால் விதியை நம்பியவர் குழியைப் பார்க்கவில்லை. ஆகவே விஞ்ஞானம் மதம் ஆகாது, அதை மதமாக்கிக்கொள்ள மனிதர்களால் முடியும். விஞ்ஞானம் அன்று இருந்தது, பலி கொடுத்ததாகப் பழிக்கப்பட்ட பெண்ணின் நடுங்குகிற கையில். ஆஸ்பத்திரியில் இரண்டு காலிலும் கட்டோடு படுத்திருந்த மாசிலாமணி, "அடுத்த வருஷம் நல்ல விறகாப் பார்த்து வாங்கணும்" என்றார். "அடுத்த வருஷம் எதுக்குப்பா? சாமி இல்லாமலும் நடக்கலாம்னு முதல் வருஷமே தெரிஞ்சுபோச்சே. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் இறங்கினோமே, அதுக்குப் பேர் என்னப்பா?" என்று கேட்டாள் மகள்.