நிமிஷத்துக்குப் பதினாலு சொட்டு

ஏழாயிரங்குளத்தில் மூளையை யாரும் வாடகைக்கு விடுவதில்லை. விட்டிருந்தால் பூலோகநாதன் சகோதரர்கள்தான் முதல் ஆளாக அட்வான்ஸோடு போய் நின்றிருப்பார்கள்.

மூன்று பேர். மூத்தவர் பூலோகநாதன், அடுத்தவர் வைரவன், கடைக்குட்டி சித்திரைவேல். கடைக்குட்டிக்கே முப்பத்திமூன்று வயது. கீழத்தெருவில் கனகசபை என்பவரின் வீட்டில் முப்பத்திரண்டு வருஷமாக வாடகைக்கு இருந்தார்கள். கனகசபை எப்படிப்பட்டவர் என்றால், ஆணி அடிக்காதே, கருவாடு வறுக்காதே, விருந்தாளி வந்தால் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கவைக்காதே, தும்முவதானால் தெருவுக்கு வந்து தும்மு என்பவர். அண்ணன் தம்பி மூவரும் ஒழுங்காகத் தெருவுக்கு வந்து தும்மிவிட்டு, உள்ளே போய்ப் பெருமூச்சு விடுவார்கள். வாழ்க்கையில் ஒரே ஆசை: தாங்களும் ஒருநாள் ஹவுஸ் ஓனர் ஆக வேண்டும்.

ஆனார்கள். பிள்ளையில்லாத சித்தி ஒருத்தி, மேலத்தெருவில் இருந்த தன் தனி வீட்டை இவர்கள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"இனி சொந்த வீட்டுக்குப் போயிரலாமே" என்றார்கள் தெருக்காரர்கள்.

பூலோகநாதன் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்ம வீட்டுல நாமளே குடியிருந்தா, நம்மள யாரு ஹவுஸ் ஓனர்னு கூப்பிடுவா?"

ஆகவே அவர்கள் கனகசபை வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டே, சித்தி வீட்டில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு மாட்டினார்கள். ஆணி அடிக்காமல்தான். வைரவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

நான்காம் நாள் பம்புசெட் மெக்கானிக் ஞானதுரை வந்தான். புதுசாகக் கல்யாணம் ஆனவன். மனைவி செல்வராணி. வீடு பிடித்துப்போனது. எல்லோரும் பத்திரம் எழுதும் நமச்சிவாயத்திடம் போனார்கள். நமச்சிவாயம் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மூக்கால் பேசுபவர்.

"அண்ணாச்சிமாரே, பதினோரு மாச அக்ரிமெண்ட். உள்ள ஆயிரம் எழுதுவேன், அதெல்லாம் கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு முக்கியம். சாவி கொடுக்கும்போது வீடு எப்படி இருந்துச்சோ, அப்படியே திருப்பி வாங்கணும். குடியிருக்கறவங்களால ஏற்படுற சாதாரணத் தேய்மானம் மட்டும் தள்ளுபடி. இத விட்டீங்க, வீட்டை விட்டீங்க."

மூவரும் மலைப்பிரசங்கம் கேட்ட மாதிரி தலையாட்டினார்கள். வழியில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார்கள்.

அன்று சாயங்காலம் ஞானதுரையும் செல்வராணியும் பால் காய்ச்சிக்கொண்டிருக்க, மூவரும் வீடு முழுக்க ஊர்ந்து ஊர்ந்து எழுதினார்கள். சமையலறைக் குழாய்: சொட்டுகிறது, நிமிஷத்துக்குப் பதினாலு சொட்டு. பின்கதவு: திறந்தால் அழும், மூடினால் அதட்டும். ஹால் சுவிட்ச்: ஷாக் அடிக்கும். (இதை உறுதிசெய்ய சித்திரைவேல் மூன்று முறை தொட்டார்.) பல்லி: ஒன்று, வாலுடன். ஆட்கள்: இரண்டு.

ஞானதுரை எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டான். பைத்தியங்கள் என்று நினைத்தான். ஆனால் கனகசபையைப் போல ஆயிரம் பேரைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். பைத்தியம் பரவாயில்லை என்று தோன்றியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு வந்தார்கள். வைரவன் கடிகாரத்தைப் பார்த்தபடி குழாயடியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் முகம் சுருங்கியது.

"தம்பி, இங்க ஒரு சொட்டு இருந்துச்சே."

"ரிப்பேர் பண்ணிட்டேன் அண்ணாச்சி. வாஷர் போயிருந்துச்சு. அரை மணி வேலை."

"யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க?"

"எதுக்கு அண்ணாச்சி கேக்கணும்? நல்லதுதானே பண்ணுனேன்."

பூலோகநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இழவு வீட்டில் பேசும் குரல். "தம்பி, நாங்க சொட்டுற குழாயை உங்கள நம்பிக் கொடுத்தோம். நாளைக்கு நீங்க சொட்டாத குழாயைக் கொடுத்துட்டுப் போனா, எங்க சித்திக்கு நாங்க என்ன பதில் சொல்ல?"

"சுவிட்சும் ஷாக் அடிக்கல" என்றார் சித்திரைவேல் ஹாலிலிருந்து, அழாத குறையாக.

பம்புசெட்டுக்காரனின் கை சும்மா இருக்காது. ஆனாலும் ஞானதுரை அன்று பழைய வாஷரைத் தேடிப் போட்டு, பதினாலு சொட்டு வரும்வரை திருகினான். முதலில் பதினேழு வந்தது. வைரவன் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது மாதம் பல்லிக்கு வால் இல்லை.

"இது நம்ம பல்லியே இல்ல" என்றார் வைரவன்.

"நம்ம பல்லிதான். பார்வை அப்படியே இருக்கு" என்றார் சித்திரைவேல்.

"அப்போ வால்?"

மூவரும் அடுப்புப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள். செல்வராணி அவர்களைத் தாண்டித் தாண்டிக் குழம்பு வைத்தாள். "அண்ணாச்சி, பல்லியும் வீட்டுலதான இருக்கு, அதுகிட்ட கையெழுத்து வாங்குனீங்களா?" என்று கேட்டாள். சித்திரைவேல் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். கடைசியில் பூலோகநாதன் தீர்ப்புச் சொன்னார். "வால் வந்து, சாதாரணத் தேய்மானம்."

அதற்குப் பிறகு நான்கு மாதம் அமைதி. ஏழாவது மாதம் அவர்கள் வந்தபோது வீட்டுக்குள் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு பெண் குழந்தை, கையை மடக்கிக்கொண்டு தூங்கியது.

பூலோகநாதன் நோட்டைப் பிரித்தார். மூடினார். மறுபடி பிரித்தார். "ஆட்கள் ரெண்டுன்னுதான் இருக்கு."

"எனக்கும் மூணு வருது" என்றார் வைரவன், விரல் விட்டு எண்ணி.

"இது தேய்மானமா?"

"தேய்மானம்னா குறையணும்லா. இது கூடிருக்கு."

ஹாலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். முடிவில் பூலோகநாதன், தலைகுனிந்தபடி, ஒரு வாரத்தில் காலி பண்ணிவிடும்படி சொன்னார். தனக்குக் குழந்தை மேல் ஒரு வருத்தமும் இல்லை, நோட்டுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

ஞானதுரை தொட்டிலைப் பார்த்தான். கைக்குழந்தை என்றால் அழும் என்று யாரும் வீடு தர மாட்டார்கள். பச்சை உடம்புக்காரியை எங்கே கூட்டிக்கொண்டு போவது? அவன் கெஞ்ச ஆரம்பிக்குமுன் செல்வராணி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, நீங்க நோட்டு எழுதுன அன்னைக்கு எனக்கு மூணு மாசம். பாப்பா அன்னைக்கே இந்த வீட்டுக்குள்ளதான் இருந்தா. நீங்க எண்ணல. தப்பு யாரு மேல?"

சித்திரைவேல் மெதுவாகச் சொன்னார். "நாம வயித்தைச் சோதிக்கவே இல்லையேண்ணே."

பூலோகநாதன் இரண்டை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் 'ஒருவர் உள்ளே' என்று சேர்த்தார். ஞானதுரை மூச்சு விட்டான். அப்போது வைரவன் பேனாவைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம். கொடுக்கும்போது பாப்பா உள்ள இருந்துச்சு. அப்போ காலி பண்ணும்போதும் உள்ளதான இருக்கணும்?"

"அதெப்படி அண்ணாச்சி முடியும்?" என்றாள் செல்வராணி.

"முடியாதா?"

"முடியாது."

பூலோகநாதன் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்படின்னா நீங்க காலி பண்ணவே கூடாதும்மா. பாப்பா திரும்ப உள்ள போற வரைக்கும் இந்த வீட்டை நாங்க வாங்கிக்க மாட்டோம். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, பொறுத்திருக்கோம்."

அடுத்த வாரமே கனகசபை கீழத்தெரு வீட்டுக் கதவைத் தட்டினார். மஸ்கட்டிலிருந்து மகன் வருகிறானாம். "ஏலே, ஒரு மாசத்துல காலி பண்ணணும். நான் கொடுத்த மாதிரியே வீட்டைத் திருப்பித் தரணும். ஒரு கீறல் இருக்கக் கூடாது, தெரிஞ்சுதா?"

"அதை எங்களுக்குச் சொல்லணுமா சார்" என்றார் பூலோகநாதன். "நாங்களும் ஹவுஸ் ஓனர்தான்."

கெடு நாளில் கனகசபை சாவி வாங்க வந்தார். ஹால் பளிச்சென்று காலியாக இருந்தது. நடுவில் பூலோகநாதன் காக்கி அரை டிராயரும் பொத்தான் வெடித்த பள்ளிக்கூடச் சட்டையுமாக நின்றார். மீசை மழித்திருந்தது. அவர் இடுப்பில் எண்பது கிலோ சித்திரைவேல், விரல் சூப்பியபடி உட்கார்ந்திருந்தார். வைரவன் மேல்சட்டை இல்லாமல், கையில் ஒரு போட்டோவைப் பிடித்திருந்தார்.

"என்னலே இது?"

"நாங்க குடிவந்த அன்னைக்கு இப்படித்தான் சார் இருந்தோம்" என்றார் பூலோகநாதன், முழங்கால் நடுங்க. "தம்பி இடுப்புல. இவன் சட்டை போடல. அப்பா மட்டும் தேய்மானத்துல போயிட்டாரு, போட்டோ இருக்கு."

"சாவியைக் கொடுலே, சனியனே."

"கொடுத்துருவோம் சார். ஆனா அன்னைக்கு நீங்க சாவி கொடுக்கும்போது, உங்க தலையில முடி இருந்துச்சு. சுருட்டை முடி. நடுவகிடு எடுத்திருந்தீங்க."

"அது தேய்மானம்டா."

"தேய்மானத் தள்ளுபடி குடியிருக்கவங்களுக்கு மட்டுந்தான் சார். ஹவுஸ் ஓனருக்குக் கிடையாது. நமச்சிவாயத்தையே கேளுங்க. முடியோட வாங்க, சாவி ரெடியா இருக்கு."

கனகசபை கத்தினார், காறித் துப்பினார். பிறகு நேராக நமச்சிவாயத்திடம் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. ஆனால் மூன்று மாதமாக அவர் காலையும் மாலையும் வாசலில் உட்கார்ந்து மண்டையில் கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வைரவன் போய், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துவிட்டு வருகிறார். போன வாரக் கணக்கு: பதினாலு முடி.