மணியில் சுற்றிய துணி

ஆற்றங்கரை ஆசிரமத்தில் வேம்பன் என்றொரு சீடன் இருந்தான். குருவான அம்மையாரைவிட வயதில் மூத்தவன். அரண்மனையில் யானைப் பாகனாக இருந்தவன். இளவரசியின் கல்யாணச் சீராகப் பாதி யானைகள் அண்டை நாட்டுக்குப் போனபோது, பாகர்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் அவனும் ஒருவன்.

ஒருநாள் காலை, குடத்துத் தண்ணீரைக் குடித்த குரு முகம் சுளித்தார்.

"பாசி வாடை அடிக்கிறதே, வேம்பரே. ஆறு வற்றிவிட்டதா?"

குளத்தில் எடுத்ததாக ஒப்புக்கொண்டான். ஆறு வாசலிலேயே ஓடியது. குளம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பிறகு மெல்லக் காரணத்தைச் சொன்னான். காலையில் பழைய கூட்டாளிகள் யானைகளைக் குளிப்பாட்ட ஆற்றுக்கு வருகிறார்கள். ஒரே சட்டியில் கூழ் குடித்தவர்கள்தான். ஆனாலும் எதிரே போய் நின்றால், வேலைக்குச் சிபாரிசு கேட்க வந்ததாக நினைத்துவிட்டால்? போகாமல் இருந்தாலோ, யானை பிளிறும் சத்தம் கேட்ட நாளில் தியானம் கூடுவதில்லை.

"அவர்களும் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள், தாயே. நம் வாசலைத் தாண்டும்போது யானைகளின் மணிகளில் துணி சுற்றிவிடுகிறார்கள். மறைந்திருந்து பார்த்தேன். சத்தம் கேட்டு நான் ஓடி வந்துவிடக் கூடாதாம். இந்த உறவை அறுத்துவிடட்டுமா?"

"கடைசி நாளன்று அவர்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. அங்குசத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்."

"சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எந்த வீட்டில்?"

"சாவு வீட்டில்."

"செத்தது யார்?"

குரு மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, குடத்தை அவனிடம் நீட்டினார்.

அவன் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. உச்சி முதல் கால்வரை நனைந்திருந்தான். வந்ததும் வராததுமாகச் சொல்லத் தொடங்கினான்.

ஆற்றில் அவனைக் கண்டதும் முதலில் யாருமே வாய் திறக்கவில்லையாம். பழைய கூட்டாளி சடையன்தான் ஒரு யானையைக் காட்டி, "சாமியாரே, சும்மா நிற்காமல் இவள் காதுக்குப் பின்னால் தேயுங்கள். நீங்கள் போனதிலிருந்து எங்களைத் தொடவே விடமாட்டேன் என்கிறாள்" என்றானாம். தேய்த்துக்கொண்டே வேம்பன் மணியைப் பற்றிக் கேட்டிருக்கிறான். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம்.

"சடையன் என்ன சொன்னான் தெரியுமா, தாயே? 'நீ ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய். எங்களுக்கு மட்டும் வேலை மிஞ்சியதில் கோபமாக்கும் என்று நினைத்தோம். உன் வாசலில் மணியாட்டிக்கொண்டு போக மனசு வருமா?' என்றான்."

வேம்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"துணியை அவிழ்த்துவிட்டார்கள். நானும் கிளம்பும்போது மறக்காமல், 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன்."

குரு குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"தண்ணீர்?"

வேம்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வெளியே மணிச் சத்தம் ஆசிரமத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அது ஓயும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு குரு குடத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நாளைக்குக் கொண்டு வாருங்கள். வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறீர்களே."