சரிவில் நின்ற ஸ்ட்ரெச்சர்

நேராக நிற்கிற சுவர் ஒன்றுகூட இல்லாத ஆஸ்பத்திரி ஒன்றைத் தென்காசிப் பக்கம் கட்டி வைத்தார் ஆர்க்கிடெக்ட் ரகோத்தமன். தரையும் சரிவுதான். கையை விட்டால் ஸ்ட்ரெச்சர் நோயாளியோடு ஓடிவிடும் என்று ஆயா ஆவுடையம்மா சக்கரத்துக்குச் சக்கரம் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தாள்.

கட்டடத்துக்கு விருது கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு குழு வந்தது. செங்கல்லைக் கண்டதும் அவர்கள் முன்னாலேயே ரகோத்தமன் கொதித்துப்போனார்.

“என் கட்டடத்தோட அழகையே கெடுத்துட்டியே! செங்கல் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஸ்ட்ரெச்சரும் நகரக் கூடாது.”

“சரிவுல எப்படிய்யா நிக்கும்?”

“இந்தத் தரை மனுஷனைக் கேள்வி கேட்குது. அதெல்லாம் உனக்குப் புரியாது.”

“கேக்கட்டும்யா. ஆனா படுத்திருக்கவுகளுக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்ல. கட்டுன நீங்களே ஒரு தடவ படுத்துப் பதிலச் சொல்லிருங்க.”

குழுவினர் சிரித்தார்கள். அவர்களோடு வந்த கேமராவும் ரகோத்தமன் பக்கம் திரும்பியது. வேறு வழியில்லாமல் மனிதர் ஏறிப் படுத்தார். ஆவுடையம்மா குனிந்து, அவர் சொன்னபடியே செங்கல்லை எடுத்தாள்.

ஸ்ட்ரெச்சர் கிளம்பியது.

“செங்கல்! செங்கல்லை வை!” என்று அலறினார்.

“அழகு கெட்டுப்போயிருமேய்யா!” என்றபடி பின்னாலேயே ஓடியவள், சுவரில் அவர் மண்டை மோத ஒரு சாண் இருக்கும்போது இழுத்து நிறுத்தினாள்.

விருது என்னவோ அவருக்குத்தான் கிடைத்தது. தரையின் துணிச்சலுக்காகவாம். அவள் இழுத்து நிறுத்திய நேரத்தில் கேமரா எடுத்த படத்தையே விருது மலரின் அட்டையில் போட்டார்கள். சரிவில் ஸ்ட்ரெச்சர் அசையாமல் நிற்கிறது, அவர் படுத்திருக்கிறார். பிடித்து நிறுத்திய கையை மட்டும் அழித்திருந்தார்கள்.