செவலையின் முதுகு

செவலைக் குதிரை மூன்றாவது சேணத்தையும் உதறிவிட்டது. இந்த முறை சேணத்தோடு தளவாய் வீரபாகுவும் போய் விழுந்தார்.

வலது தோள் எலும்பு முறிந்த சத்தம் லாயத்து வாசல்வரை கேட்டது. சேணம் தைத்த திருமலைக்கொழுந்து ஓடிப்போய்த் தூக்கினார். தளவாய் அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே எழுந்தார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிறீர்?"

"இருபத்தாறு வருஷம், தளவாய்."

"நாளை மறுநாள் காலையில நாச்சியார் இதுமேல ஏறி எல்லைக்கல்லுக்குப் போகணும். தெரியுமில்ல?"

பாளையத்தில் அது தெரியாதவர் யாரும் இல்லை. கண்மாய்த் தண்ணீருக்காக மேற்குப் பாளையத்தோடு நடந்த சண்டையில் நாற்பது பேர் செத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துத் தலைமையும் எல்லைக்கல்லில் சந்தித்துப் பேச ஒப்புக்கொண்டிருந்தது. பல்லக்கில் போய் இறங்கினால், நாச்சியாருக்குத் தள்ளாமை வந்துவிட்டது என்று எதிரி முடிவு கட்டிவிடுவான். ஆகவே குதிரையில்தான் போக வேண்டும். பாளையத்தை ஆளும் குமுதவல்லி நாச்சியாரோ செவலையைத் தவிர வேறு குதிரையில் ஏறுவதில்லை. நாச்சியாருக்கு அறுபது வயது. செவலைக்கு இருபத்திரண்டு.

"இது உயிரோட இருக்கிறவரை அவங்க இன்னொரு குதிரையை ஏறிட்டும் பார்க்க மாட்டாங்க" என்றார் தளவாய். "எதிரி கண்ணு முன்னால இது அவங்களைக் கீழே தள்ளும். அதை நான் நடக்க விட மாட்டேன். அன்னிக்கு விடியும்போது சேணம் சரியில்லைன்னா, ஈட்டியோட வருவேன். பிறகு உமக்கும் இங்கே வேலை இல்லை."

அவர் போனபிறகும் செவலையின் விலா நடுங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து கையை நீட்டினார். அது பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. குட்டியாக இருந்தபோது அவர் மடியில் தலை வைத்துப் படுத்த குதிரை.

சைனம்புவுக்கு ஆள் போயிற்று.

சைனம்பு கடற்கரையில் குதிரை வியாபாரம் செய்தவரின் மனைவி. கணவர் போனபிறகு சேணம் தைத்துப் பிழைத்தார். கொழுந்தைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொழுந்து ஒரு மாதம் மருந்து போட்டும் ஆறாத வேறொரு குதிரையின் முதுகுப் புண்ணை, சேணத்தைப் பிரித்துத் தைத்தே சைனம்பு ஆற்றிக் காட்டினார். அன்றைக்கு அந்த அம்மாளின் கூடாரத்து வாசலில் போய் உட்கார்ந்தவர்தான் கொழுந்து. ஐம்பது வயதில் சீடனாவதா என்று அரண்மனையில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

உச்சிப்பொழுதில் சைனம்பு வந்து சேர்ந்தார். சேணங்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. குதிரைக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார்.

"ஆசானே, நேரம் இல்லை" என்றார் கொழுந்து.

"ஆமா அண்ணாச்சி. அதான் அவசரப்படாம நிக்கிறேன்."

செவலை மெதுவாகச் சுவரைவிட்டு விலகி வந்தது. சைனம்பு அதன் பிடரி முடிகிற இடத்து மேட்டில் கை வைத்தார். செம்பழுப்பு ரோமத்துக்கு நடுவே, இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை முடி.

"இது என்ன?"

"வயசு."

"வயசானா முகத்துல நரைக்கும். இங்கே நரைக்கிறது சேணக் கட்டை அழுத்தின இடம்."

பதினைந்து வருஷமாக அந்த முதுகில் கொழுந்து தைத்த சேணத்தைத் தவிர வேறொன்று ஏறியதில்லை.

மூன்றாவது சேணத்தை மறுபடி பூட்டி, இரண்டு சிறிய மணல் மூட்டைகளை அதில் கட்டச் சொன்னார் சைனம்பு. கொழுந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் குதிரையை நடத்தினார். செவலை காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு நடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது துள்ளிவிடுமோ என்று அவர் பிடியை இறுக்கினார். சேணத்தைக் கழற்றியபோது முதுகெல்லாம் ஈரம். வெள்ளை முடி இருந்த இரண்டு இடமும் காய்ந்து கிடந்தன.

"அங்கே வேர்க்கக்கூட இடம் இல்லை" என்றார் சைனம்பு.

"மெத்தை இன்னும் கொஞ்சம் கனமா வைக்கிறேன்."

"செருப்பு கடிச்சா உள்ளே துணி திணிப்பீங்களா?"

கொழுந்து சேணத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

"எந்த அளவுக்குத் தைச்சீங்க?"

கொழுந்து பரணிலிருந்து வளைந்த ஈயப்பட்டை ஒன்றை எடுத்து வந்தார். செவலையின் முதுகில் அழுத்தி எடுத்த அளவு. அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்.

"இது எப்போ எடுத்தது?"

"அதுக்கு ஏழு வயசு இருக்கும்போது. இப்போ சதை வத்திப்போச்சு, ஆசானே. நல்ல தீனி போட்டா பழையபடி..."

"பழையபடி ஆகிற குதிரைக்குத் தைச்சிருக்கீங்க. நிக்கிற குதிரைக்கு?"

கொழுந்து பட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நிமிர்த்தி, செவலையின் முதுகில் புதிதாக வளைத்தார். நடுமுதுகு குழிந்திருந்தது. மேடு கத்திபோல் எழுந்து நின்றது. அதுவரை அவர் கண்ணில் படாத ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலது பக்கத்தைவிட இடது பக்கம் இரண்டு விரல் அளவு உள்ளே போயிருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் ஏன் தேஞ்சிருக்கு?"

"போய்க் கேளுங்க."

"யார்கிட்ட?"

"இது மேல உட்கார்றவங்ககிட்ட."

கொழுந்து அவரை வெறித்துப் பார்த்தார். "நாச்சியார்கிட்டயா? உங்க உடம்புல என்ன கோளாறுன்னு நான் போய்க் கேட்கிறதா? அதுவும் இந்த நேரத்துல?"

"குதிரைகிட்டயும் கேட்கலை. அவங்ககிட்டயும் கேட்கலை. பின்னே யாருக்கு அண்ணாச்சி தைச்சீங்க?"

சாயங்காலம் கொழுந்து கொலுமண்டபத்துக்குப் போனார். நாச்சியார் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தளவாய், வலது கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"சேணம் ஆச்சா?"

"இன்னும் இல்லை தாயே. ஒண்ணு கேட்கணும்."

"கேள்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த பணிவான சொற்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"உங்களுக்கு எங்கே வலிக்குது?"

தளவாயின் இடது கை வாளுக்குப் போயிற்று. விசிறிக்கொண்டிருந்த பெண் விசிறியை நிறுத்திவிட்டாள். நாச்சியாரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கொழுந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீரபாகு" என்றார் நாச்சியார் கடைசியில். "எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே இரு."

கதவு சாத்தப்பட்டது. நாச்சியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி நடந்தார். வலது காலை ஊன்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வலது இடுப்பு. பதினோரு வருஷமாச்சு. எடையெல்லாம் இடது பக்கம் போட்டுத்தான் உட்காருவேன். செவலைக்கு அது தெரியும். நான் சரியும்போதெல்லாம் அதுவும் சாய்ந்து கொடுக்கும். வேறு குதிரை அப்படிச் செய்யாது." நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை."

"பயந்திருப்பாங்க தாயே."

"நீ?"

"நானும்தான்."

மறுநாள் முழுக்கக் கொழுந்தும் சைனம்புவும் வேலை செய்தார்கள். மரச்சட்டத்தின் முன்பக்கத்தை அகலமாகச் செதுக்கினார்கள். மேட்டின்மேல் எதுவும் படாதபடி நடுவில் வழி விட்டார்கள். இடது மெத்தையில் ஆட்டு ரோமம் கூடுதலாக அடைத்தார்கள். வலது அங்கவடியை இரண்டு விரல் அளவு இறக்கிக் கட்டினார் கொழுந்து, நாச்சியார் அந்தக் காலை மடக்காமல் நீட்டி ஊன்றட்டும் என்று. ஐந்து முறை செவலையின் முதுகில் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து முறையும் பிரித்துத் தைத்தார்கள். ஆள் ஏறிப் பார்க்க வழியில்லை. செவலை இன்னொருவரை ஏற்றிக்கொள்ளும் நிலையில் இல்லை.

விடிந்தது. தளவாய் இடது கையில் ஈட்டியோடு லாயத்து வாசலில் நின்றார்.

சேணம் ஏறியபோது செவலையின் தோல் சிலிர்த்தது. கொழுந்து வயிற்றுப்பட்டையை மெல்ல மெல்ல இறுக்கினார். குதிரை கழுத்தைத் திருப்பி அவர் தோளருகே பல்லைக் கொண்டுவந்தது. அவர் நகரவில்லை. அது கடிக்கவும் இல்லை.

நாச்சியார் ஏறினார்.

செவலை காதை மடக்கிற்று. முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழுந்தது. தளவாய் ஓர் அடி முன்னால் வந்தார். நாச்சியார் கடிவாளத்தை இழுக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே எவ்வளவு நேரம் போயிற்று என்று கொழுந்தால் பிறகு சொல்ல முடியவில்லை. கால் தரைக்குத் திரும்பிற்று. செவலை தலையைத் தாழ்த்தி மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு நடந்தது.

தளவாய் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் குதிரையைத் தேடிப் போனார்.

பொழுது சாயும் முன்பே அவர்கள் திரும்பினார்கள். தண்ணீருக்கு முறை வைத்துக்கொள்வதென்று பேசி முடித்திருந்தார்கள். எல்லைக்கல்லில் இரண்டு நாழிகை நாச்சியார் குதிரையைவிட்டு இறங்கவில்லையாம்.

கொழுந்து சேணத்தைக் கழற்றினார். மேட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்தார். வெள்ளை முடி நனைந்திருந்தது. செவலை வைக்கோலை மென்றபடி நின்றது.

சைனம்பு தன் ஊசிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆசானே" என்றார் கொழுந்து. "முந்தாநாள்வரை நீங்க நாச்சியாரைக் கண்ணால பார்த்ததுகூட இல்லை. அவங்களுக்கு இடுப்பு வலின்னு எப்படித் தெரிஞ்சது?"

சைனம்பு ஊசித் துணியை முடிந்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா உங்களைக் கேட்கச் சொல்லியிருக்க மாட்டேன்."