பூட்டி வைத்த குளிர்

பெரம்பலூர்ப் பக்கம் புளியைக் குளிரில் வைக்கும் கிடங்கின் முதலாளி வையாபுரி. குத்தகைக்காரி அங்காயியிடமிருந்து நிலத்தைப் பிடுங்க ஒரு நிபந்தனை போட்டார்.

"சின்ன வெங்காயத்தைப் பூக்க வச்சு விதை எடுத்துக் காட்டு. இல்லன்னா நிலத்தை விட்டுடு."

குளிர் படாத வெங்காயம் பூக்காது என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"எடுக்கறேனுங்க. குளிர் மலையிலேருந்து வெங்காயம் கொண்டாந்து மாத்திட்டேன்னு பேச்சு வரக்கூடாது. நடுற வரைக்கும் என் வெதை வெங்காயத்தை நீங்களே பூட்டி வைங்க."

சந்தேகப் பிராணியான முதலாளி மூட்டையை இரண்டு மாதம் தன் கிடங்கில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கார்த்திகையில் நட்டாள். தையில் வயலெல்லாம் வெள்ளைப் பூ, தேனீ. பங்குனியில் முறம் நிறையக் கறுப்பு விதை.

"இந்த வெயில்ல உனக்குக் குளிர் எங்க கெடச்சுது?"

அங்காயி விதையைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "சாவி உங்க இடுப்புலதானே இருக்குதுங்க."