கம்பியைத் தொட்ட ஓணான்

கரடி கம்பியை இழுத்து விட்டது. டொம்! அருவியின் இரைச்சல் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கியது.

"சடையா! மரத்துல ஏறுடா!"

அக்கரையில் அதன் குட்டி சடையன் நாவல்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. புதருக்குப் பின்னால் செந்நாய்கள் பதுங்கிப் பதுங்கி நெருங்கின. ஆற்றில் வெள்ளம், நீந்த வழியில்லை. இரு கரை மரங்களிலும் பரிசல்காரர்கள் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி ஒன்றுதான் துணை. கம்பி ஒலித்தால் குட்டி மரமேற வேண்டும் என்று ஏற்பாடு. கோடையில் அது நன்றாகவே கேட்டது. மழைக்குப் பிறகு அருவியும் அதே கட்டைக் குரலில் உறுமத் தொடங்கியிருந்தது.

கரடி இன்னும் ஓங்கி அடித்தது. டொம்! குட்டி நிமிரவில்லை.

"அக்கா, அருவிக்கும் கம்பிக்கும் ஒரே குரல். எவ்வளவு அடிச்சாலும் கேக்காது. குரலை மேல ஏத்தணும்!" என்றது கம்பியில் ஒட்டியிருந்த ஓணான்.

"எறங்குடா! எல்லாத்துக்கும் தலையாட்டுற பய, எனக்குப் பாட்டு சொல்லித் தர்றியா?"

"அப்புறமாத் திட்டு. நடுவுல போய்த் தொடுறேன். கம்பி ரெண்டு சம பாகமா ஆடும். குரல் ஒரு ஸ்தாயி ஏறும்!"

ஓணான் ஓடியது. கீழே வெள்ளம் சுழித்தது. அது நடுவைச் சேர்வதற்குள் கரடி பொறுக்க முடியாமல் அடித்தது. கம்பி 'தட்' என்று ஊமையானது.

"கெடுத்துட்டியேடா!"

"சமமாப் பிரியாத இடத்துல என் கால் இருக்கு! கொஞ்சம் பொறு!"

நடுவில் நின்று ஒற்றை விரலால் லேசாகத் தொட்டது. "இப்ப!"

ணிங்! குட்டியின் காது அசைந்தது. வாய் மட்டும் பழத்தை விடவில்லை.

"இன்னும் ஏத்துறேன். மூணாப் பிரிப்போம்!" ஓணான் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குத் திரும்பி வந்து விரலை வைத்தது. கரடி இந்த முறை ஓங்கவில்லை, சுண்டியது.

ணீஈங்!

அருவிக்கு மேலே அந்தச் சுரம் தனியாக எழுந்தது. சடையன் பழத்தைத் துப்பிவிட்டு ஒரே தாவில் மரமேறியது. செந்நாய்களின் வாயில் மரப்பட்டைதான் சிக்கியது.

"அம்மா! கேட்டுருச்சு!" என்று கிளையிலிருந்து கத்தியது.

கரடி மகிழ்ச்சியில் இரண்டு காலில் எழுந்து முழங்கியது. செந்நாய்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயின.

பலத்தால் முடியாததை, சரியான இடத்தைத் தொடும் மெல்லிய விரல் முடித்துவிடும்.

கரடி ஒரு கரையானை நகத்தில் எடுத்து, ஓணானுக்கென்று கம்பியின் மேல் வைத்தது.