ஆடு தின்ற தொண்ணூற்றாறு

எங்கள் ரைபிள் கிளப்பில் ஒரு பழைய பலகை இருக்கிறது. ஒரே அட்டையில் பத்துக் குண்டு சுட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எடுத்தவர்களின் பெயர்களை அதில் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த அட்டையையே ஆணியில் மாட்டியிருப்போம். ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஆணிதான் உண்டு. அட்டை இல்லை.

புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள்.

"சார், இதுக்கு அட்டை எங்க?"

"ஆடு தின்னுட்டு" என்பேன்.

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு அந்த வேன் ஞாபகம் வந்துவிடும். முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. பழைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எல்லாம் ஒழுங்காக நடந்த ஞாயிறு வேண்டாம், பஞ்சரான ஞாயிறாகப் பார்த்து ஒன்று கொடு என்றுதான் கேட்பேன்.

அப்போது நான் கிளப்புக்குச் செயலாளர். சுடுகிற ரேஞ்ச், திருநெல்வேலியிலிருந்து இருபது மைல் தள்ளி மலையடிவாரத்தில் இருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு வேன் வைத்துப் போவோம். சொல்லிக்கொடுப்பவர் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர். ஆனாலும் முதல் நாளே அவருக்கு மாஸ்டர் என்று பேர் ஒட்டிக்கொண்டது. வார்த்தைகளைக் குண்டுபோல எண்ணித்தான் செலவு செய்வார்.

செண்பகவல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாற்பத்து மூன்று வயதில் ஒரு நாள் கிளப்புக்கு வந்து, துப்பாக்கி சுட வேண்டும் என்றார்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"நாள் முழுக்க காதுக்குள்ள அடுத்தவங்க சத்தம், அண்ணாச்சி. ஒரு சத்தமாவது என்னோடதா இருக்கட்டுமே."

மாஸ்டர் அவருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

"சுட்ட உடனே தொலைநோக்கியில பாக்காதீங்க அக்கா. குண்டு எங்க போச்சுன்னு மொதல்ல இதுல எழுதுங்க. பெறவு பாருங்க."

"பாக்காம எப்படி மாஸ்டர் தெரியும்?"

"சுட்டது நீங்கதானே."

எத்தனை புள்ளி, எந்தப் பக்கம் என்று அட்டையைக் கடிகாரமாக நினைத்து எழுத வேண்டும். 'ஒன்பது, இரண்டு மணிப் பக்கம்.' 'எட்டு, ஆறு மணிப் பக்கம்.' ஆரம்பத்தில் அவர் நோட்டுக்கும் அட்டைக்கும் ஸ்நானப்பிராப்தியே கிடையாது. ஆறு மாதத்தில் இரண்டும் ஒன்று சொல்ல ஆரம்பித்தன. எங்கள் கையிலும் மாஸ்டர் அதே நோட்டைக் கொடுத்திருந்தார். நான் என்னுடையதில் சலவைக் கணக்கு எழுதினேன்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். செண்பகவல்லி வந்த நாளிலிருந்து எங்கள் வேனுக்குச் சனி பிடித்தது.

முதல் ஞாயிறு பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. இரண்டாவது தடவை ரேடியேட்டர் கொதித்தது. பக்கத்தில் இருந்த சோடாக்கடையில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்ததால், எட்டு பாட்டில் சோடாவை வாங்கி ஊற்றினோம். வேன் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தது. மூன்றாவது தடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். போல்ட்டுகள் இருந்த பெட்டி ஊரிலேயே தங்கிவிட்டது. துப்பாக்கியையும், அதில் குண்டை ஏற்றிப் பூட்டுகிற போல்ட்டையும் தனித்தனிப் பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்.

அந்தப் பெட்டியை எடுத்துவந்திருக்க வேண்டியவன் நான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. அன்று திரும்பும்போது வேனில் அந்த வார்த்தையை முதலில் சொன்னவனும் நான்தான்.

"ஆள் ராசி அப்படி."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பின்சீட்டில் இருந்தவர் டெலிபோன் ஆபரேட்டர்.

"எங்க மாமியாரும் இதையேதான் சொல்லுவாவ அண்ணாச்சி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடு வந்தது ஆனி மாதத்தில்.

அன்று செண்பகவல்லி சுட்ட அழகை நான் மறக்க மாட்டேன். சுடுவார், கண்ணை மூடுவார், எழுதுவார், அதன் பிறகுதான் தொலைநோக்கி. பத்தும் முடிந்து சிவப்புக் கொடி இறங்கியது. அட்டைகளை எடுக்க நடந்தோம். எங்களுக்கு முன்னால் மண்மேட்டைத் தாண்டி ஒரு மந்தை இறங்கிவிட்டது. அட்டைகளைச் சட்டத்தில் மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தோம். பசைக்கு ஆசைப்பட்ட ஒரு கிடா நேரே ஏழாம் நம்பருக்குப் போயிற்று. நாங்கள் ஓடிப்போய்ச் சேரும்போது அதன் வாயில் ஒரு முனை மட்டும் தெரிந்தது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

ஏழாம் நம்பர் செண்பகவல்லியுடையது. அவர் வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு நாள் நல்லா சுட்டேன் மாஸ்டர். அதுவும் தங்கலயே. எனக்கு ராசியே கெடையாதா?"

மாஸ்டர் நோட்டைக் கேட்டு வாங்கினார். பத்து வரியையும் படித்தார், விரல் விட்டுக் கூட்டினார்.

"தொண்ணூத்தாறு."

"அட்டை போச்சே மாஸ்டர்."

"ஆடு அட்டையத்தானே தின்னுச்சு?"

நான் குறுக்கே விழுந்தேன். "அட்டை இல்லாம பலகையில ஏத்த முடியாது மாஸ்டர். நாளைக்கு ஆளாளுக்கு நோட்டத் தூக்கிட்டு வருவாங்க." செயலாளர் அல்லவா!

மாஸ்டர் நோட்டை மூடிச் செண்பகவல்லி கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் வேனில் இருந்தவர்கள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள், அந்தம்மா பஸ்ஸில் வரட்டும் என்று. அதைச் சொல்லும் வேலையும் எனக்கு வந்தது. சொன்னேன். "சரி அண்ணாச்சி" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை வேன் வெண்ணெய்போல ஓடியது. பஞ்சர் இல்லை, கொதிப்பு இல்லை. "பாத்தீங்களா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்தேன். எட்டு மணிக்கு ரேஞ்சில் இறங்கினோம். கேட் பூட்டியிருந்தது. சாவி மாஸ்டரிடம். மாஸ்டர் தன் மொபெட்டில் முன்னாலேயே போயிருப்பார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். நிழலுக்கு ஒரு செடிகூட இல்லாத இடம். மூன்று மணி நேரம் காய்ந்தோம்.

பதினொரு மணி பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் செண்பகவல்லி, மற்றவர் மாஸ்டர்.

"என்ன மாஸ்டர், வேன்ல வந்திருக்கலாமே?" என்றேன்.

"அக்கா தனியா வந்தாங்க. பேச்சுத் துணைக்கு ஏறிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

டிரைவர் என் காதோரம் வந்து, "இது யார் ராசி, அண்ணாச்சி?" என்றார். அதற்கடுத்த ஞாயிறு முதல் செண்பகவல்லி மறுபடி வேனில் வந்தார். பின்சீட்டில், டயருக்கு நேர் மேலே.

தை மாதம் மாவட்டத் தேர்வு, எங்கள் ரேஞ்சிலேயே. ஆளுக்கு நான்கு அட்டை, நாற்பது குண்டு. நானூறுக்கு முந்நூற்றெழுபது எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

போகும் வழியில் செண்பகவல்லி என்னிடம் சொன்னார்: "இந்த வருஷம் மாநிலத்துக்குப் போகலேன்னா பெறவு துப்பாக்கியத் தொடமாட்டேன்னு வீட்ல வாக்குக் குடுத்துருக்கேன் அண்ணாச்சி. அப்படிச் சொன்ன பெறவுதான் விட்டாவ."

போகும்போது வேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிகள் எல்லாம் இருந்தன. அதை நம்பாமல் நான் வழியெல்லாம் பெட்டிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

அவர் ஏழாம் நம்பர், நான் எட்டு. மூன்று அட்டை முடிந்தபோது அவர் இருநூற்று எழுபத்தொன்பது. கடைசி அட்டையில் தொண்ணூற்றொன்று வந்தால் போதும். நான் இருநூற்று நாற்பதில் மானத்துக்காகச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

என் கடைசிக் குண்டுக்கு முன் கண்ணில் வியர்வை இறங்கியது. எழுந்து துடைத்துக்கொண்டு, சுடுவதற்கு மறுபடி குப்புறப் படுத்தேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்கு அன்றுவரை கூடம் கோணலாகத்தான் இருந்தது. அந்த ஒரு குண்டுக்கு மட்டும் எல்லாம் நேராக நின்றது. விரல் தானாக அழுத்தியது. பத்து என்று எனக்கே தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். என் அட்டையில் புது ஓட்டை இல்லை. பக்கத்தில் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே அருமையான பத்து, செண்பகவல்லியின் அட்டையில் நட்டநடுவே இருந்தது.

மதுரையிலிருந்து வந்திருந்த நடுவர் இரண்டு அட்டையையும் மேஜைமேல் வைத்தார். அவருடையதில் பதினொரு ஓட்டை, என்னுடையதில் ஒன்பது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி பக்கத்து இலையில கைய வச்சுட்டாரு."

நடுவர் சட்டத்தைச் சொன்னார். இரண்டும் ஒரே அளவுத் துப்பாக்கி, ஓட்டையை வைத்துப் பிரிக்க முடியாது. எது யாருடையது என்று தெரியாவிட்டால், இருப்பதிலேயே குறைந்த ஓட்டையைத் தள்ளிவிட்டு மீதிப் பத்தை அந்தம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். குறைந்தது ஓர் எட்டு. அதைத் தள்ளினால் அட்டைக்குத் தொண்ணூற்றிரண்டு. மொத்தம் முந்நூற்று எழுபத்தொன்று. என் பத்தைத் தள்ளினால் தொண்ணூறு. மொத்தம் முந்நூற்று அறுபத்தொன்பது.

"உங்க குண்டு இதுல எது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்ன 'ராசி' என்ற வார்த்தை ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடந்தது.

"தெரியாது சார்."

நான் சொன்ன பொய்களில் எனக்கு ரொம்பப் பிடித்த பொய் அது.

"உங்களுக்கு?" என்று செண்பகவல்லியைக் கேட்டார்.

அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சிவப்புக் கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நடுவர் பேனாவைத் திறந்து முந்நூற்று எழுபத்தொன்று என்று எழுதப் போனார்.

செண்பகவல்லி இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என் கடைசிக் குண்டு எட்டு சார். அஞ்சு மணிப் பக்கம். நடு மையத்துல இருக்கிற பத்து என்னோடது இல்ல."

நடுவர் பத்து வரியையும் பத்து ஓட்டையோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த நோட்ட நான் கேக்கவே இல்லையேம்மா."

"ஆமா சார்."

முந்நூற்று அறுபத்தொன்பது என்று எழுதினார்.

வீட்டில் கொடுத்த வாக்கைச் செண்பகவல்லி காப்பாற்றினார். ஒரு வருஷம் துப்பாக்கியைத் தொடவில்லை. அந்த ஒரு வருஷமும் வேனில் முன்சீட்டைக் காலியாகவே விட்டிருந்தோம், ஏறப்போன புது ஆள்களைப் பின்னால் அனுப்பினோம். பிறகு அவர் வீட்டுக்காரரே கொண்டுவந்து விட்டார், "வீட்ல சும்மா இருக்கும்போதும் கண்ண மூடிட்டு நோட்டுல ஏதோ எழுதுதா சார்" என்றார். பலகையில் அந்த ஆணியை அடித்தவன் நான்தான். தேர்வு முடிந்த மறு ஞாயிறே அடித்துவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது, தேர்வு நாளில் திரும்பி வந்தபோது நடந்தது. செண்பகவல்லியை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று பின்னால்தான் போனார். எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தோம். நல்ல வேளை, வழியில் ரேடியேட்டர் கொதித்தது. அதே சோடாக்கடை. எல்லோரும் இறங்கினோம்.

மாஸ்டர் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வேன் நிழலில் நின்றார். செண்பகவல்லி பக்கத்தில் போனார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க அக்கா."

"ராசி இல்ல, ராசி இல்லன்னு இத்தன நாள் அழுதேன். இன்னைக்கு அதுவா தேடி வந்துச்சு. நானே வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பிட்டேன்." அதுவரை அடக்கியிருந்தவருக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "அந்த நோட்ட எடுக்காம இருந்திருக்கலாமோ?"

மாஸ்டர் சோடாவைக் குடித்து முடித்தார். பாட்டிலைப் பெட்டியில் வைத்தார்.

"இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா?"

"அந்த ஆடு தொண்ணூத்தாறையும் சேத்துத் தின்னுருக்கும் அக்கா."